மர்ஸ்யாங்டி ஆற்றோரம் நடந்து முக்திநாத்: எங்கே நடப்பது, எங்கே ஜீப் ஏறுவது

கேள்வி இதுதான்: நால்வர், வயது 30 முதல் 55 வரை. வெள்ளியங்கிரியும் பர்வதமலையும் ஏறிய பழக்கம் உண்டு, இமயமலை புதிது. 15, 16 நாள் விடுப்பில் நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் மர்ஸ்யாங்டி ஆற்றைப் பிடித்துக்கொண்டே ஏறி, தோரோங் லா கணவாயைத் தாண்டி முக்திநாத் சேர முடியுமா? மனாங் வரை ஜீப் போகும்போது நடப்பதில் அர்த்தம் உண்டா?

முடியும். நடப்பதில் அர்த்தமும் உண்டு. ஆனால் எல்லா இடத்திலும் நடந்தே தீர வேண்டும் என்பதில்லை. சாமே என்ற ஊருக்குக் கீழே ஜீப் ஏறுவது நேரக் கணக்கு. அதற்கு மேலே ஜீப் ஏறுவது உயிரோடு விளையாட்டு. ஏன் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஆற்றின் போக்கைத் தலையில் வாங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மனாங்குக்குச் சற்று மேலே, சுமார் 3,600 மீட்டரில் இரண்டு ஓடைகள் கூடி மர்ஸ்யாங்டி பிறக்கிறது. அன்னபூர்ணா மலைத்தொடரின் வடக்கு முதுகை ஒட்டிக் கிழக்கே ஓடி, தாராபானி அருகே தெற்கே திரும்பி, பெசிசஹர் வழியாக இறங்கி, முக்லிங்கில் திரிசூலி ஆற்றோடு சேர்கிறது. நீங்கள் இதைத் தலைகீழாக நடக்கிறீர்கள். பெசிசஹர் 760 மீட்டர், நெல் வயலும் வாழையும் உள்ள ஊர். எட்டாம் நாள் நிற்கும் மனாங் 3,540 மீட்டர், மரமே அரிது. மழை மேகங்களை அன்னபூர்ணா தெற்கிலேயே தடுத்துவிடுவதுதான் காரணம். மலைக்குத் தெற்கே உள்ள லும்லேயில் ஆண்டுக்கு 5,000 மி.மீ-க்கு மேல் கொட்டுகிறது. வடக்கே மழைமறைவில் இருக்கும் ஜோம்சோமில் 300 மி.மீ கூடத் தேறாது.

இந்தப் பாதை வெளிநாட்டவருக்கு 1977-இல் திறக்கப்பட்டது. அப்போது முழுச் சுற்று 200 கி.மீ-க்கு மேல், மூன்று வாரம் பிடிக்கும். பிறகு இரு பக்கமும் சாலை வெட்டினார்கள். இன்று பெசிசஹரிலிருந்து சாமே வரைக்கும், அங்கிருந்து மனாங் வரைக்கும் ஜீப் ஓடுகிறது. ‘பாதை செத்துவிட்டது’ என்று பலர் சொல்வது இதனால்தான். அது பாதி உண்மை. சாலை ஒரு கரையில் போகும் பல இடங்களில் பழைய நடைபாதை மறுகரையில் அப்படியே இருக்கிறது. பாறைகளிலும் கம்பங்களிலும் வெள்ளை, சிவப்பு இரட்டைக் கோடு போட்டிருப்பார்கள். அதுதான் நடப்பவருக்கான முதன்மைப் பாதை. வெள்ளை, நீலக் கோடு கிளைப்பாதைகளுக்கு. பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தும் கோடு கண்ணில் படாவிட்டால் முன்னே போய்த் தேடாதீர்கள், கடைசியாகப் பார்த்த கோட்டுக்கே திரும்புங்கள். பெரும்பாலும் ஒரு தொங்குபாலத்தைத் தவறவிட்டிருப்பீர்கள்.

இனி நாள் கணக்கு. காட்மாண்டு அல்லது பொக்கராவிலிருந்து பேருந்தில் பெசிசஹர், அங்கிருந்து உள்ளூர் வண்டியில் 9 கி.மீ மேலே புல்புலே (840 மீ). முதல் இரவு அங்கே. இரண்டாம் நாள் ஙாதி வழியாக பாகுன்டாண்டா மேட்டில் (1,310 மீ) ஏறி, மறுபுறம் இறங்கி கெர்மு (1,130 மீ). வெயில் நம் ஊர் வெயில் போலவே இருக்கும், ஒருவருக்கு மூன்று லிட்டர் தண்ணீர் செலவாகும். மூன்றாம் நாள் ஸ்யாங்கே, ஜகத் வழியாக சாம்ஜே (1,430 மீ). இங்கே சாலையிலும் கொஞ்சம் நடக்க நேரும், புழுதிக்கு மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். நான்காம் நாள் சாம்ஜேயில் பாலம் தாண்டிக் கிழக்குக் கரைக்கு மாறுங்கள். குறுகிய பள்ளத்தாக்கில் ஆற்றின் இரைச்சல் காதை அடைக்க ஒரே ஏற்றம். ஏறி முடித்ததும் திடீரென்று பரந்த சமவெளி, ஓரத்தில் ஓர் அருவி, நடுவே தால் (1,700 மீ) என்ற கிராமம். ஒரு காலத்தில் நிலச்சரிவு ஆற்றை மறித்து ஏரியாக்கிய இடம் அது. தால் என்றால் ஏரி. அன்று இரவு தாராபானி (1,860 மீ). ஐந்தாம் நாள் திமாங் மேட்டில் ஏறி (வானம் தெளிவாக இருந்தால் பின்னால் திரும்பி மனாஸ்லுவைப் பாருங்கள், 8,163 மீ) சாமே (2,670 மீ).

நாள் போதாது என்றால் வெட்ட வேண்டியது இந்தப் பகுதியைத்தான். பெசிசஹரிலிருந்து தாராபானி வரை ஜீப்பில் போனால் மூன்று நாள் மிச்சம். 2,500 மீட்டருக்குக் கீழே உடல் உயரத்துக்குப் பழகுவது என்று பெரிதாக எதுவும் நடப்பதில்லை, அதனால் இங்கே இழப்பது காட்சியும் கால் பழக்கமும் மட்டுமே. என்னைக் கேட்டால் 55 வயதுக்காரருக்கு அந்தக் கால் பழக்கம் முக்கியம் என்பேன். மழைக்காலத்திலோ அது முடிந்த கையோடோ போனால் ஜீப்பும் சுகமில்லை. 2021 ஜூன் வெள்ளத்தில் மனாங் மாவட்டத்தில் சாலையும் பாலங்களும் அடித்துப் போயின. சிறு சரிவுகள் ஆண்டுதோறும் உண்டு.

ஆறாம் நாள்தான் உண்மையான மலை தொடங்குகிறது. சாமேயிலிருந்து பைன் காடு, பிராத்தாங்கில் ஆப்பிள் தோட்டம், அதைத் தாண்டியதும் ஆற்றின் மறுகரையில் பௌங்டா டாண்டா. கிண்ணத்தை உடைத்துச் சாய்த்து வைத்தது போல வளைந்த ஒரே பாறை, ஆற்றிலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். அன்று கீழ் பிசாங்கில் தங்காமல் கொஞ்சம் மூச்சு வாங்கினாலும் மேல் பிசாங்குக்கு (3,300 மீ) ஏறிவிடுங்கள். ஏழாம் நாள் இரண்டு வழி பிரியும். கீழ்வழி ஹும்டே வழியாகச் சமமான சாலை. மேல்வழி க்யாரு கிராமத்துக்கு வளைந்து வளைந்து 400 மீட்டர் ஏறி, பிறகு ஙாவல் (3,660 மீ) போகும். மேல்வழியே போங்கள். எதிரே அன்னபூர்ணா 2 (7,937 மீ), அன்னபூர்ணா 4, கங்கபூர்ணா வரிசையாக நிற்கும் என்பது ஒரு காரணம். ஙாவலில் படுத்துவிட்டு மறுநாள் மனாங்குக்கு இறங்குவதால் உடலுக்குக் கிடைக்கும் பழக்கம் அதைவிடப் பெரிய காரணம்.

அந்தக் கணக்கைப் பாருங்கள். 3,000 மீட்டருக்கு மேலே போனபின், இரவு படுக்கும் உயரம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இரண்டு இரவு. பகலில் எவ்வளவு உயரம் ஏறி இறங்கினாலும் பரவாயில்லை, படுக்கும் இடம்தான் கணக்கு. மேல் பிசாங் 3,300, ஙாவல் 3,660, மனாங் 3,540, மீண்டும் மனாங் 3,540, யாக் கார்க்கா 4,050, கணவாயின் அடிவாரத்தில் உள்ள தோரோங் ஃபெடி 4,450. இந்த வரிசையில் ஒரே ஒரு நாள்தான் 500-ஐ லேசாகத் தொடுகிறது, அதுவும் இரண்டு இரவு மனாங்கில் தங்கிய பிறகு. இப்போது ஜீப் கணக்கு: காலையில் பெசிசஹர் 760, மாலையில் மனாங் 3,540. ஒரே நாளில் 2,780 மீட்டர். மறுநாள் தலைவலியோடு எழுந்து, ‘விடுப்பு தீருகிறது’ என்று யாக் கார்க்காவுக்கு ஏறுபவர்கள்தான் ஹெலிகாப்டரில் இறங்குகிறார்கள். ஆற்றோரமாகவே போவதில் இருக்கும் பெரிய வசதி, ஆறு தானாகவே இந்த வேகத்தைப் போட்டுத் தருகிறது என்பதுதான்.

மனாங்கில் ஒன்பதாம் நாள் ஓய்வு. ஓய்வு என்றால் கம்பளிக்குள் படுத்திருப்பதல்ல. கங்கபூர்ணா ஏரிக்குப் போய் எதிர்மேட்டில் ஏறலாம், அல்லது பிராக்கென் கோம்பா என்ற புத்த மடத்துக்கு (சுமார் 3,950 மீ) ஏறி இறங்கலாம். நல்ல உடல்நிலையில் இருப்பவர்கள் பனி ஏரி எனப்படும் கிச்சோ தால் (4,600 மீ) வரை போய் வருவார்கள், அது முழுநாள் வேலை, முதல்முறை வருபவருக்கு அதிகம். மாலை 3 மணிக்கு இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ மையத்தில் உயர மலை நோய் பற்றி மருத்துவர்களே பேசுவார்கள். சீசனில் மட்டும் திறந்திருக்கும் இந்த மையம் 1981 முதல் இயங்குகிறது. நால்வரும் கட்டாயம் போய் உட்காருங்கள். ஒருவர் மட்டும் கேட்டு வந்து மற்றவர்களுக்குச் சொன்னால் மேலே போனபின் யாரும் அவர் பேச்சைக் கேட்க மாட்டார்கள்.

திலிச்சோ ஏரி (4,919 மீ) போக வேண்டும் என்றால் மூன்று நாள் தனியாக வேண்டும். ஸ்ரீ கார்க்காவிலிருந்து அடிவார முகாம் வரை சரளைக் கல் சரிவு. காற்று எழுந்த பின் மேலிருந்து கல் உருளும், காலையிலேயே, நின்று படமெடுக்காமல் கடக்க வேண்டும். உங்கள் 16 நாளில் நடந்தே வந்தால் இதற்கு இடமில்லை. தாராபானி வரை ஜீப் என்றால் உண்டு.

உயர நோயின் அடையாளங்கள் சிக்கலானவை அல்ல. தலைவலி, கூடவே குமட்டலோ பசியின்மையோ தலைசுற்றலோ வழக்கத்துக்கு மீறிய சோர்வோ இருந்தால் அது உயர நோய்தான். வெயில், தூக்கமின்மை, நேற்றுச் சாப்பிட்டது என்றெல்லாம் காரணம் தேடாதீர்கள். லேசாக இருந்தால் அதே இடத்தில் இன்னொரு இரவு. குறையாவிட்டால் இறங்க வேண்டும். ஒரு கோட்டில் குதிகாலை அடுத்த காலின் விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமல் கூடினால் நுரையீரலில் நீர். இந்த இரண்டிலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, இரவானாலும் டார்ச் அடித்துக்கொண்டு துணையோடு இறக்கிவிட வேண்டும்.

டயமாக்ஸ் எனப்படும் அசிட்டஸோலமைடு தடுப்புக்கு 125 மி.கி, நாளுக்கு இரண்டு வேளை என்பது வழக்கமான அளவு. உயரத்துக்கு ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவார்கள். விரல் நுனி குறுகுறுக்கும், சிறுநீர் கூடும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மருந்து எடுப்பவரும் புறப்படும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. பூண்டு சூப் உயர நோயைத் தடுக்கும் என்று லாட்ஜுக்கு லாட்ஜ் சொல்வார்கள். சூடான உப்பு நீர் என்ற அளவில் குடியுங்கள், அதை நம்பி ஏறாதீர்கள்.

கணவாய் நாள். ஃபெடியிலிருந்து 966 மீட்டர் ஏற்றம், கணவாயின் 5,416 மீட்டரிலிருந்து முக்திநாத் (3,760 மீ) வரை 1,650 மீட்டருக்கு மேல் இறக்கம், எல்லாம் ஒரே நாளில், எட்டு முதல் பத்து மணி நேரம். ஏழு மலையும் ஏறி வெள்ளியங்கிரியில் விடியலைப் பார்த்தவருக்கு 966 மீட்டர் பெரிய ஏற்றம் அல்ல. ஆனால் கணவாயில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் சற்றேறப் பாதிதான். பத்து அடி வைத்து நிற்க வேண்டி வரும். வேகம் எவ்வளவு என்றால், நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேகம் அதிகம். முன்னால் போகிறவர் மெதுவாகப் போனால்தான் நால்வரும் சேர்ந்து போவீர்கள், அதனால் மூத்தவரை முன்னே விடுங்கள்.

காலை 4 மணிக்கு ஃபெடி லாட்ஜின் கூடத்தில் எல்லோருக்கும் ஒரே பிரச்சினைதான். தண்ணீர்க் குப்பி உறைந்திருக்கும், ஹெட்லாம்ப் மங்கும், கேமராவில் சார்ஜ் இருக்காது. முந்தைய இரவே சுடுநீர் நிரப்பிய குப்பியை, ஹெட்லாம்ப் பேட்டரியை, போனை, தண்ணீர் வடிகட்டியைத் தூக்கப் பைக்குள் வைத்துப் படுத்தவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. வடிகட்டியை மறக்காதீர்கள். நுண்குழாய் வகை வடிகட்டி ஒருமுறை உறைந்தால் உள்ளே விரிசல் விடும், வெளியே தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல் வரும், கிருமியும் சேர்ந்து வரும். உறிஞ்சு குழாய் வைத்த தண்ணீர்ப் பை அன்று வேண்டாம், குழாயில் உள்ள நீர்தான் முதலில் உறையும். குப்பியைத் தலைகீழாக வைத்தால் பனிக்கட்டி அடிப்புறத்தில் சேரும், வாய் அடைக்காது.

ஏன் இத்தனை சீக்கிரம் என்றால், முற்பகலிலேயே கணவாயில் காற்று எழுந்துவிடும். ஃபெடிக்கு மேலே 4,880 மீட்டரில் ஹை கேம்ப் இருக்கிறது. அங்கே படுத்தால் காலையில் ஏற்றம் பாதிதான், ஆனால் யாக் கார்க்காவிலிருந்து ஒரே நாளில் 830 மீட்டர் உயரத்தில் போய்ப் படுப்பீர்கள். தலைவலி துளியும் இல்லாதவர்கள் செய்யலாம். எனக்கு ஃபெடியே சரி என்று படுகிறது.

இறக்கத்தில்தான் முழங்கால் பழிவாங்கும். இரண்டு கைத்தடியும் இறக்கத்தில் சற்று நீளமாக வேண்டும். முந்தைய நாள் கால் நகம் வெட்டுங்கள், ஷூ லேஸைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் பெருவிரல் முனையில் மோதி நகம் கறுக்கும். பனி இருந்தால் ஷூவில் மாட்டும் சங்கிலிப் பல் கட்டாயம். சுமார் 4,200 மீட்டரில் டீக்கடைகள் வரும், அதுவரை ஒதுங்க இடமில்லை.

வானிலையில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. சிறந்த மாதங்கள் அக்டோபரும் நவம்பரும், அடுத்து மார்ச், ஏப்ரல். அக்டோபர், நவம்பர்தான் வங்கக் கடலில் புயல் உருவாகும் காலமும். 2014 அக்டோபர் 12-இல் ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரை கடந்தது. அதன் மிச்சம் வடக்கே நகர்ந்து 14-ஆம் தேதி இந்தப் பகுதியில் பெரும் பனிப்பொழிவானது. குறைந்தது 43 பேர் இறந்தார்கள், பலரும் தோரோங் லாவிலும் அதன் சரிவுகளிலும். ஆந்திரா, ஒடிசா பக்கம் புயல் என்ற செய்தி வந்தால், மனாங்கில் வானம் நீலமாக இருந்தாலும் கணவாய்க்கு இரண்டு மூன்று நாள் பொறுங்கள். அதற்காகவே திட்டத்தில் ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் காலியாக விட வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. இந்தியர்களுக்கு விசா தேவையில்லை, பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும். விமானத்தில் போவதானால் ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதி அனுமதிச் சீட்டு சார்க் (இந்தியா உள்ளிட்ட தெற்காசிய) நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய், மற்ற வெளிநாட்டவருக்கு 3,000. நடைபயணிகள் பதிவட்டையும் சார்க் நாட்டவருக்கு 1,000. 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்பது நிலையான மாற்று. 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டு நடைபயணிகளுக்கு வழிகாட்டி கட்டாயம் என்று விதி, அதற்கும் சேர்த்தே செலவைப் போடுங்கள். போர்ட்டர் வைத்தால் ஒருவருக்கு 25 கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள். அவருக்குக் கையுறையும் கண்ணாடியும் இருக்கிறதா என்று சாமேயிலேயே கேளுங்கள். காப்பீடு 6,000 மீட்டர் வரை, ஹெலிகாப்டர் மீட்பும் சேர்த்து எடுங்கள். அதே சமயம் லேசான தலைவலிக்கே ஹெலிகாப்டர் கூப்பிடலாம் என்று யாராவது அவசரப்படுத்தினால் உஷார். அந்த மோசடி பற்றி 2018-இல் நேபாள அரசே விசாரணை நடத்தியது.

அறை வாடகை குறைவு, ஆனால் இரவு உணவும் காலை உணவும் அதே லாட்ஜில் சாப்பிட வேண்டும் என்பது எழுதாத சட்டம். பருப்புச் சோறு எனும் தால் பாத் கேட்கக் கேட்கப் போடுவார்கள், நம் வயிற்றுக்கும் அதுவே ஒத்துவரும். மேலே இறைச்சி வேண்டாம், கீழிருந்து நாள் கணக்கில் சுமந்து வந்தது. 4,500 மீட்டரில் தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும், கிருமி சாக அது போதும். ஆனால் பருப்பு வேக நேரமாகும், மாலை சேர்ந்தவுடனே சாப்பாடு சொல்லிவிடுங்கள். ஏ.டி.எம்-ஐ நம்பாமல் பெசிசஹரிலேயே முழுப் பணத்தையும் ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் பை 8 முதல் 10 கிலோ. மைனஸ் 10 தாங்கும் தூக்கப் பை, இரண்டு அடுக்குக் கையுறை, பனி வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி. பயிற்சிக்கு இரண்டு மாதம், வாரம் நான்கு நாள், 8 கிலோ பையோடு மாடிப்படி. ஏறுவதைவிட இறங்குவதைக் கூட்டுங்கள். குறுகிய பாதையில் கோவேறு கழுதைகள் எதிரே வந்தால் எப்போதும் மலைப் பக்கம் ஒதுங்குங்கள். ஆற்றுப் பக்கம் நின்றால் கழுதை தள்ளாது, அதன் மேல் கட்டிய மூட்டை தள்ளிவிடும். மணிச்சத்தம் கேட்கும்போது தொங்குபாலத்தில் கால் வைக்காதீர்கள், அவை கடந்து முடியட்டும்.

முக்திநாத் வைணவர்களுக்கு 108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருச்சாளக்கிராமம். கோயிலின் பின்னே அரைவட்டமாக 108 நீர்த்தாரைகள். கணவாய் இறங்கிய வியர்வையோடு மாலையில் அந்த நீரில் நிற்க வேண்டாம். அன்று சாப்பிட்டுத் தூங்கி, மறுநாள் வெயில் ஏறியபின், உலர்ந்த உடையும் துண்டும் கையில் வைத்துக்கொண்டு குளியுங்கள். பொக்கராவிலிருந்து நேராக வண்டியில் வந்து இறங்கிய முதியவர்கள் அந்த 3,760 மீட்டரில் மூச்சு வாங்கி நிற்பதைப் பார்ப்பீர்கள். பத்து நாள் பழகிய உங்களுக்கு அது இறங்கி வந்த ஊர். அங்கிருந்து காக்பெனி வழியாக ஜோம்சோம் (2,720 மீ) நடப்பதானால் முற்பகலுக்குள் முடித்துவிடுங்கள். காலி கண்டகிப் பள்ளத்தாக்கில் அதன் பிறகு எழும் காற்று மணலை முகத்தில் அறையும். ஜோம்சோம் விமானங்களும் அதனாலேயே காலையில் மட்டும் பறக்கின்றன. அன்று விமானம் ரத்தானால் பொக்கராவுக்கு ஜீப்போ பேருந்தோ பிடிக்க ஒரு பகல் கையிருப்பு வேண்டும்.